லா சப்பலில் டியூக்ஸ்பரிப் போர்

கலே துறைமுகத்துக்குப் போகும் கப்பலில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த ஆங்கிலேயர் மூன்று தடவை வாந்தி எடுத்தார். மூன்று தடவையும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் தாதி. வாந்தி எனக்குப் புதிதில்லை. பையைப் பிடியுங்கள், மன்னிப்பை நிறுத்துங்கள் என்றேன். அதற்கும் ஒரு மன்னிப்புக் கேட்டார். இங்கிலாந்துக்கு வந்து பதின்மூன்று வருடம். இந்தப் பழக்கம் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அது 1987 மார்ச். நான் பாரிஸுக்குப் போனது ஊர் சுற்ற அல்ல. என் தம்பி யூட் அங்கே இரண்டு வருடமாக அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தான். அலுவலகம் அவனை நிராகரித்துவிட்டது. மேன்முறையீடு வியாழக்கிழமை. அதிலும் தோற்றால் விமானத்தில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பிவிடக்கூடும். ஊரிலிருந்து அவனுடைய ஞானஸ்நானப் பத்திரமும் பிறப்புப் பத்திரமும் ஆள் மாறி ஆள் மாறி என் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தன. தபாலை நம்பாமல் நானே அவற்றைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோனேன்.

ஞாயிறு மத்தியானம் வடக்கு ஸ்டேஷனில் இறங்கினேன். யூட் வாசலில் நின்றான். ஊரில் தண்ணீர் குடித்த கலயம் மாதிரி உருண்டையாக இருந்தவன், மெலிந்து கழுத்து நீண்டு நின்றான். கையில் நீட்டுப் பாண், பிரெஞ்சு ரொட்டி, ஒன்று. சுற்றிய காகிதம் நடுவில் நாலு விரல் அகலத்துக்குத்தான் இருந்தது. மற்றதெல்லாம் வெறுமையாக அவனுடைய ஜாக்கெட்டில் உரசிக்கொண்டிருந்தது. இதைக் கழுவாமல் தின்பீர்களா என்று கேட்டேன். பாணை ஆரும் கழுவுவினமோ அக்கா என்றான். பல வருடத்துக்குப் பிறகு அக்காவும் தம்பியும் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அங்கிருந்து லா சப்பல் நடக்கிற தூரம். மெற்றோ ரயில் அங்கே நிலத்துக்கு மேலே, இரும்புத் தூண்களில் ஓடுகிறது. கீழே சந்தை, புறா எச்சம், அல்ஜீரியக் கிழவர்கள், சைக்கிள் திருத்துகிறவன். அப்போது தமிழ்க் கடைகளை விரல்விட்டு எண்ணலாம். ஒன்றில் தகரத்தில் அடைத்த முருங்கைக்காய் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக முருங்கைக்காயைத் தகரத்தில் பார்த்தேன். என்ன ருசி என்று பார்க்க ஒன்று வாங்கினேன். ஈரத் துணியின் ருசி.

யூட்டின் அறை நாலாம் மாடியில். ஆறு பேர், மூன்று மெத்தை. பகல் வேலைக்காரர் எழும்ப இரவு வேலைக்காரர் படுப்பார்கள். சமையல் முறை வைத்து நடக்கும். அன்றைக்கு முறை சிவம் என்பவனுடையது. யாழ்ப்பாணத்துப் பொடியன், முப்பது வயதிருக்கும், நல்ல வாய்க்காரன். சாடின் மீனைத் தகரத்தில் இருந்து எடுத்துக் குழம்பு வைத்திருந்தான். புளிக்குப் பதில் எலுமிச்சை. நான் சாப்பிட்டுவிட்டு உப்புக் கூட என்றேன்.

"அக்கா லண்டனிலை உப்பில்லாமல் தின்று பழகிட்டா," என்றான் சிவம். "இஞ்சை நாங்கள் கண்ணீர் விடுறதில்லை, அந்த உப்பு மிச்சம்."

நான் லண்டனில் இல்லை என்று சொன்னேன். டியூக்ஸ்பரி என்று இரண்டு ஆறு சந்திக்கிற ஒரு சின்ன ஊர், அங்கே ஆஸ்பத்திரியில் வேலை என்றேன். ஒருவருக்கும் அக்கறை இல்லை. பிரான்சில் இருக்கிற தமிழனுக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தான். நான் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மலிவு ஹோட்டலில் தங்கினேன். அங்கே கழுவும் தொட்டி படுக்கையின் தலைமாட்டில் இருந்தது. கட்டிலில் படுத்தபடியே பல் தீட்டலாம்.

திங்கட்கிழமை யூட் வேலைக்குப் போய்விட்டான். ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற வேலை. நான் ஊர் பார்க்கலாம் என்று மெற்றோவில் ஏறினேன். இறங்க வேண்டிய இடத்தில் கதவுக்கு முன்னால் நின்றேன். கதவு திறக்கவில்லை. ரயில் கிளம்பிவிட்டது. அடுத்த ஸ்டேஷனிலும் அதே. கதவு பழுது என்று நினைத்து எல்லோரையும் முறைத்தேன். ஆபிரிக்கப் பெண் ஒருத்தி, முதுகில் பிள்ளை, என்னைத் தாண்டிக் கையை நீட்டிக் கதவில் இருந்த கொளுக்கியைத் தூக்கினாள். இங்கே கதவை நாமே திறக்க வேண்டும். லண்டன் சுரங்க ரயிலில் கதவு தானாகத் திறக்கும், ஆனால் ரயில் வராது. எது நல்லதென்று இன்னும் எனக்கு முடிவாகவில்லை. வெளியே வரும்போது பயணச்சீட்டைக் கேட்டார்கள். உள்ளே போனதும் நான் எறிந்துவிட்டேன். தண்டம் கட்டினேன். பிரெஞ்சில் ஏசத் தெரியாததால் தமிழில் ஏசினேன். சீட்டுக் கேட்டவனும் பதிலுக்கு ஏதோ சொன்னான். இருவருக்கும் திருப்திதான்.

செவ்வாய்க்கிழமை மழை. யூட் வேலைக்குப் போகமுன் ஒரு மட்டை ஃபைலைத் தந்து, அக்கா இது என்ர கேஸ், பத்திரங்களை இதுக்குள்ளை வைச்சு விடுங்கோ என்றான். அறையில் இரவு வேலைக்காரர் இருவர் குறட்டை. நான் யன்னலோரம் இருந்து மட்டையைத் திறந்தேன். மேலே நிராகரித்த கடிதம். அதன் தமிழாக்கத்தை யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்: விண்ணப்பதாரரின் கூற்று பொதுவானது, வேறு பலருடைய கூற்றை ஒத்திருக்கிறது, சொல்லப்பட்ட இடத்தின் அமைப்பு ஐயத்துக்குரியது. கீழே எட்டுப் பக்கத்தில் தமிழில் அவனுடைய கதை. வாசிக்கத் தொடங்கினேன்.

முதல் பக்கத்தில் ராணுவம் ஊரை வளைக்கிறது. ஊரார் தப்பப் பார்க்கிறார்கள், பின்னால் ஆறு மறிக்கிறது. என்ன ஆறு என்று நினைத்தேன். எங்களுடையது மன்னார்த் தீவில் ஒரு கரையோர ஊர். சுற்றிவரக் கடல். குளிக்கிறதென்றாலே கிணற்றுக்குப் போக வேண்டும். ஆறு கிடையாது.

இரண்டாம் பக்கத்தில் காட்டுக்குள் ஒளிந்திருந்த இருநூறு சிப்பாய்கள் பக்கவாட்டில் இருந்து பாய்கிறார்கள். எங்கள் ஊரின் பின்பக்கம் உடைமரமும் பனையும். இருபது ஆட்டை ஒளிக்க முடியாது.

மூன்றாம் பக்கம். தப்பியவர்கள் பெரிய கோயிலுக்குள் ஓடுகிறார்கள். தளபதி உருவிய ஆயுதத்தோடு உள்ளே வருகிறான். பூசை செய்துகொண்டிருந்த சாமியார் நற்கருணை அப்பத்தைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்து மறிக்கிறார். இவர்களை மன்னித்தால் ஒழிய வழிவிடமாட்டேன் என்கிறார். தளபதி மன்னிக்கிறான். இரண்டு நாள் கழித்து எல்லோரையும் கோயிலில் இருந்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். சந்தைச் சதுக்கத்தில் விசாரணை என்று ஒன்று. பிறகு சாவு. இரத்தம் பட்ட கோயிலை ஒரு மாதம் பூட்டி, திரும்ப மந்திரித்துத் திறக்கிறார்கள். யூட் மட்டும் மணிக்கூண்டில் ஒளிந்து தப்புகிறான்.

இந்தக் கதை எனக்குத் தெரியும். இது எங்கள் ஊர்க் கதை அல்ல. நான் சம்பளம் வாங்குகிற ஊர்க் கதை.

டியூக்ஸ்பரியில் 1471-ல் ஒரு சண்டை நடந்தது. இங்கிலாந்தின் அரச குடும்பத்தில் இரண்டு கிளைகள், யோர்க், லங்காஸ்டர். யார் முடி சூடுவது என்று பல வருடங்களாக ஆளையாள் வெட்டினார்கள். லங்காஸ்டர் பக்கத்துக்கு ராணியே படை திரட்டினாள். தன் ஒரே மகனை அரசனாக்க வேண்டும். ஆற்றைக் கடந்தால் அந்தப் பக்கம் உதவி இருக்கிறது. கடக்க முதல் யோர்க் அரசன் பிடித்துவிட்டான். பின்னால் ஆறு, பக்கத்தில் காடு, காட்டுக்குள் இருநூறு ஈட்டிக்காரர். ஒரு காலை நேரத்தில் எல்லாம் முடிந்தது. மகனுக்குப் பதினேழு வயது, செத்தான். தப்பியவர்கள் மடத்துக் கோயிலுக்குள் ஓடினார்கள். மிச்சம் மேலே சொன்னபடி. சாமியார், மன்னிப்பு, இரண்டு நாள், சந்தை, ஒரு மாதப் பூட்டு. எல்லாம் அப்படியே.

நான் சரித்திரம் படித்தவள் அல்ல. என் வார்ட்டில் இடுப்பு முறிந்து ஆறு கிழமை படுத்திருந்த ஒருவர் அந்தக் கோயிலில் ஆட்களுக்கு வழிகாட்டுகிறவர். படுக்கை விரிப்பு மாற்றும்போதெல்லாம் எனக்குச் சண்டையைச் சொல்வார். பெரிய தொல்லை. ஆனால் சுகமாகிப் போன பிறகு நானே ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தேன். இரும்புத் தகடு அடித்த ஒரு கதவு இருக்கிறது, அது செத்தவர்களின் கவசம் என்கிறார்கள். தரையில் அந்தப் பதினேழு வயதுப் பொடியனின் பெயர்த் தகடு. தலைக்கு மேலே கூரையில் வென்றவர்களின் சின்னம், பொன் பூசிய சூரியன்கள். செத்தவனை முகட்டைப் பார்க்கப் படுக்கவைத்துவிட்டு அங்கே எதிரியின் சின்னத்தைத் தொங்கவிட்ட புத்தியை நினைத்து எனக்கு அன்றைக்கு முழுக்க எரிச்சல். அதனால்தான் மறக்கவில்லை.

யூட்டின் கடைக்கு நேரே போனேன். பின்பக்கச் சந்தில் உருளைக்கிழங்குச் சாக்கில் குந்தியிருந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். இதை யார் எழுதினது என்று கேட்டேன். மாஸ்ரர் என்றான். எல்லாருக்கும் அவர்தான் எழுதுகிறார், நல்ல எழுத்து, வாசிச்சால் அழுகை வரும் என்றான்.

"நீ அழுதனியோ?"

"இல்லை அக்கா. நான் பாடமாக்கினன்."

மாஸ்ரர் என்பவர் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் சரித்திரம் படிப்பித்தவர். இப்போது அவரும் கோப்பைதான் கழுவுகிறார். செவ்வாய் பின்னேரம் அவருக்கு லீவு. ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே மேசை போட்டு ஆட்களின் கேஸ் எழுதுவார். காசு வாங்கமாட்டார், ஒரு தேத்தண்ணீரோடு சரி. பிறகு ஒரு புதுச்சேரிக்காரர் அதைப் பிரெஞ்சில் மாற்றுவார். கடை வாசலில் ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். நான் வரிசையில் நிற்கவில்லை.

மெல்லிய மனிதர். கம்பளித் தொப்பி, வெடித்துச் சிவந்த கைகள். எட்டுப் பக்கத்தையும் அவர் முன்னால் போட்டேன். இது டியூக்ஸ்பரிச் சண்டை என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். என்னை உட்காரச் சொன்னார். பயப்படவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அவருடைய முகத்தில் ஒரு மாதிரிச் சந்தோஷம் இருந்தது.

"பிள்ளை அங்கை போயிருக்கிறியளோ? அந்தப் புல்வெளி இன்னும் இருக்கோ? ரத்தப் புல்வெளி எண்டு சொல்லுவினம், நான் படத்திலைதான் பார்த்தனான்."

இருக்கிறது, நாய் கொண்டுபோய் நடக்கிறார்கள் என்றேன். ஆறு எவ்வளவு அகலம் என்று கேட்டார். மழைக்கு ஊருக்குள் வருமா என்று கேட்டார். வரும், சில வருடம் கோயிலைத் தவிர எல்லா இடத்திலும் தண்ணீர் நிற்கும் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சண்டை பிடிக்க வந்தவள் பாடம் ஒப்புவிக்கிறேன் என்று தெரிந்ததும் இன்னும் கோபம் வந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்தினேன்.

அவர் சொன்னதை முறையாகச் சொல்கிறேன். ஆட்கள் அவரிடம் வந்து முன்னால் குந்துவார்கள். என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றுமில்லை மாஸ்ரர், ஊரில் இருக்கேலாது என்பார்கள். அதற்கு மேல் வாய் திறக்காது. அலுவலகத்துக்கோ தேதி வேண்டும், இடம் வேண்டும், பிறகு என்ன, அதற்குப் பிறகு என்ன என்று வேண்டும். எட்டுப் பக்கத்துக்கு எங்கே போவது? கத்தோலிக்கப் பொடியன் என்றால் சாமியாரும் நற்கருணையும். சைவப் பொடியன் என்றால் பிள்ளையார் கோயில், ஐயர் கற்பூரத் தட்டோடு வந்து மறிப்பார். முதல் நாலு பேருக்குக் கார்த், வதிவிட அட்டை, கிடைத்தது. அதற்குப் பிறகு எல்லோரும் அதையே கேட்டார்கள்.

"சரணடைஞ்சவனை மன்னிச்சுப்போட்டு இரண்டு நாளிலை வெட்டினது. எங்கடை நாட்டிலை நடக்காததோ? நான் பேரைத்தான் மாத்தினன், பிள்ளை."

"நடந்திருக்கும். என்ர தம்பிக்கு நடக்கேல்லை."

"பிரெஞ்சுக்காரனுக்கு இங்கிலீசுச் சண்டை எங்கை தெரியப்போகுது?"

"அந்த ராணி ஆர்? பிரெஞ்சுக்காரி. தோத்த பிறகு பிரெஞ்சு அரசன்தான் காசு குடுத்துச் சிறையிலையிருந்து எடுத்தவன். இஞ்சை வந்துதான் செத்தவள். உங்களுக்குத் தெரியாதோ?"

அவருக்குத் தெரியும். அது அவருடைய முகத்தில் தெரிந்தது. வரிசையில் நின்ற ஐந்து பேரும் கதவுக்குள் தலையை நீட்டியிருந்தார்கள். அவர் தொப்பியை எடுத்துத் திரும்பப் போட்டார். யூட்டிடம் நானும் கேட்டனான், அவன் சொல்லேல்லை என்றார் மெதுவாக. நீங்கள் கேட்டனீங்களோ என்றார்.

இரண்டு வருடமாக மாதம் ஒரு கடிதம் போட்டேன். சுவெட்டர் அனுப்பினேன். குளிக்கச் சொன்னேன், பூசைக்குப் போகச் சொன்னேன். உனக்கு என்னடா நடந்தது என்று ஒரு வரி எழுதவில்லை.

அன்று பொழுதுபட, மழை விட்ட பிறகு, யூட்டைக் கால்வாய்ப் பக்கம் கூட்டிப் போனேன். நடந்தோம். கடையில் சுட்ட மிளகாய்த் தொத்திறைச்சியைப் பாணுக்குள் வைத்துத் தந்தார்கள். எண்ணெய் முழங்கை வரைக்கும் வழிந்தது. தின்றுகொண்டே கேட்டேன். தின்றுகொண்டே சொன்னான். முகத்தைப் பார்க்காமல் நடந்தபடி என்றதால் சொன்னான் என்று நினைக்கிறேன்.

அவன் ஊரில் படகு என்ஜின் திருத்துகிறவன். ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். முகாமில் கடற்படை அதிகாரி ஒருவன் யாருக்கு என்ஜின் தெரியும் என்று கேட்டான். அடி விழ முதல் யூட் கையைத் தூக்கினான். பதினொரு நாள் காலையில் ஜீப்பில் ஏற்றி, பின்னேரம் வீட்டு வாசலில் இறக்கினார்கள். ஊரெல்லாம் பார்த்தது. ஆறு என்ஜின் திருத்தினான். அடுத்த மாதம் அந்தப் படகுகள் துரத்தி எங்கள் ஊரார் மூன்று பேரைக் கடலில் பிடித்தன. திரும்பி வரவில்லை. ஒருவன் பள்ளிக்கூடத்தில் யூட்டோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். பிறகு கதவுக்குக் கீழே ஒரு கடிதம் கிடந்தது, ஊரைவிட்டுப் போக ஒரு கிழமை தவணை போட்டு. அதை எழுதியவர்கள் ராணுவம் அல்ல. எங்கள் ஆட்கள், இயக்கம்.

ராணுவத்துக்கும் பயம், ஊருக்கும் பயம். ஏன்டா இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். அங்கே மொழிபெயர்க்கிறவர் தமிழர் என்றான். விசாரணை திறந்த மண்டபத்தில், பின் வாங்கில் எங்கள் ஆட்கள் இருப்பார்கள். சொன்னால் பின்னேரத்துக்குள் லா சப்பல் முழுக்கத் தெரியும். கொழும்புக்கு அனுப்பினாலும் ஆபத்து, சொன்னாலும் இஞ்சை ஆபத்து என்றான்.

புதன்கிழமை வக்கீலிடம் போனோம். இளம் பெண், கோப்பையில் சிகரெட் சாம்பல், நல்ல ஆங்கிலம். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். கடைசி நாளில் கதையை மாற்றினால் இரண்டும் பொய் என்று நினைப்பார்கள் என்றாள். ஆனால் பழைய கதையும் நிற்காது, வரைபடத்தில் ஆற்றைத் தேடியிருக்கிறார்கள். முடிவு அவனுடையது, எதுவானாலும் நான் பேசுவேன் என்றாள்.

அறைக்குத் திரும்பினால் சிவத்துக்கு நான் மாஸ்ரரோடு சண்டை பிடித்தது தெரிந்திருந்தது. மாஸ்ரரின் வாசலில் நின்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவனுடைய மேன்முறையீடு அடுத்த மாதம். அவனுடையது பிள்ளையார் கோயில். பகிடி ஒன்றும் விடவில்லை. அடுப்பை நிறுத்திவிட்டு யூட்டுக்கு முன்னால் வந்து குந்தினான்.

"உன்ரை கோயில் பொய்யெண்டால் என்ரை கோயிலும் பொய்தானே, மச்சான். விசாரிக்கிற மேசையிலை இருக்கிற அதே மூண்டு பேர்தான் எனக்கும். யோசிச்சுச் சொல்லு."

யூட் யோசிக்கிறேன் என்றான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எனக்கு அது லேசான வேலை இல்லை.

வியாழக்கிழமை காலை ரயில் சுரங்கத்துக்குள் நின்றுவிட்டது. இருபது நிமிடம். ஒருவரும் மூச்சு விடவில்லை, செய்தித்தாளைத் திருப்பினார்கள். நான் எழுந்து அந்தக் கொளுக்கியைத் தூக்கப் போனேன், யூட் கையைப் பிடித்து இருத்தினான். கடைசியில் ஓடி, வேர்த்து, எங்களைக் கூப்பிட இன்னும் இரண்டு பேர் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். பள்ளிக்கூட வகுப்பு மாதிரி ஒரு மண்டபம். உயரமான மேசையில் மூன்று பேர். பின் வாங்குகளில் எல்லா நாட்டுக்காரரும். கடைசி வாங்கில் சிவம், வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தான். நான் பார்த்ததும் தலையைக் குனிந்தான்.

மொழிபெயர்ப்பாளர் வேறொரு புதுச்சேரிக்காரர், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். "பயப்படாதீங்க மெஸ்ஸியே, நீங்க சொல்றத அப்படியே சொல்லுவேன்," என்று யூட்டிடம் சொன்னார்.

நடுவில் இருந்தவர் முதல் கேள்வியாகக் கோயிலின் மணிக்கூண்டைக் கேட்டார். எந்தப் பக்கம், எத்தனை படி. யூட் எழுந்து நின்றான். கால்சட்டையை ஒருதரம் மேலே இழுத்துவிட்டான்.

"அந்தக் கோயிலிலை நான் இருக்கேல்லை, ஐயா."

அப்படி ஒரு கோயில் இல்லையா என்று கேட்டார். அதைப் பற்றி எனக்குத் தெரியாது, நான் அங்கே இல்லை, அவ்வளவுதான் சொல்லலாம் என்றான். வேறு ஆட்கள் இருந்திருக்கலாம் என்றான். அப்படியானால் இந்தக் கடதாசியை எழுதியது யார் என்று கேட்டார்.

எனக்கு மாஸ்ரரின் வெடித்த கைகள் நினைவுக்கு வந்தன. அவரைக் கிழிக்க வேண்டும் என்று இரண்டு நாளாக இருந்தவள் நான்.

"நான்தான் எழுதினனான்," என்றான் யூட். "என்ரை கதை உங்களுக்குக் காணாதெண்டு நினைச்சன்."

பிறகு என்ஜின் கதையைச் சொன்னான். பதினொரு நாள், ஆறு என்ஜின், எந்தெந்தப் பாகம் தேய்ந்திருந்தது என்பதுவரை. பிடிபட்ட மூவரின் பெயர். கதவடிக் கடிதம். மொழிபெயர்ப்பாளர் இரண்டு தடவை நிறுத்தித் தண்ணீர் குடித்தார். மேசையில் இருந்த மூவரில் ஒரு கிழவர் அதுவரை யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது திரும்பி, நீர் இறைக்கும் சக்கரம் உடைந்தால் என்ஜினுக்கு என்ன ஆகும் என்று கேட்டார். சூடேறி இறுகும் என்றான் யூட். கிழவர் தலையாட்டி ஏதோ எழுதினார். முடிவு தபாலில் வரும் என்றார்கள்.

திரும்பி வரும் ரயிலில் சிவமும் எங்களோடுதான் வந்தான். எங்களுக்கு எதிரில் இருந்தான். ரயில் சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கு ஏறியபோது கேட்டான்.

"ஆறு என்ஜினோ?"

"ஓம்."

"ஒண்டையாவது பழுதாக்கி விட்டனியோ?"

யூட் ஓம் என்று சொல்லியிருக்கலாம். சிவமும் அதைத்தான் எதிர்பார்த்தான், எனக்கே தெரிந்தது.

"இல்லை. நல்லாத்தான் திருத்தினன்."

சிவம் லா சப்பலுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் எழுந்து, கொளுக்கியைத் தூக்கி இறங்கிவிட்டான். மழைக்குள் நடந்து போனான். அன்று பின்னேரம் அறைக்குப் போனபோது சமையல் முடிந்திருந்தது. சோறு ஐந்து பேருக்குத்தான் வைத்திருந்தார்கள். ஒருவரும் ஏசவில்லை, அடிக்கவில்லை. ஐந்து கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது. அவ்வளவுதான். நான் அந்த அறையில் கத்தியிருப்பேன். யூட் என் தோளைத் தொட்டு, அக்கா வெளியிலை சாப்பிடுவம் என்றான்.

வெள்ளிக்கிழமை கப்பல் ஏறினேன். யூட் அடுத்த கிழமையே கூசேன்வில்லுக்கு மாறிவிட்டான். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர். அங்கே பெட்டி தூக்கும் வேலை. தலைக்கு மேலே நாளெல்லாம் விமானம், பேசினால் கேட்காது, அது ஒரு வகையில் நல்லது என்று எழுதியிருந்தான்.

ஆறாம் கிழமை ஞாயிறு தொலைபேசி அடித்தது. கடிதம் வந்துவிட்டதாம். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், பத்து வருடக் கார்த் கிடைக்கும். நான் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, அந்த அறைக்காரர் எவனாவது வந்து பார்த்தானா என்று கேட்டேன். கேட்கும்போதே ஏசுவதற்கு வாயில் சொல் வைத்திருந்தேன்.

சிவம் வந்தான் என்றான். போன ஞாயிறு, ரயில் மாறி, முகவரி விசாரித்து வந்திருக்கிறான். அவனுடைய மேன்முறையீடு இந்தக் கிழமை. பிள்ளையார் கோயிலை எடுத்துவிட்டானாம். மாஸ்ரர்தான் எடுக்கச் சொன்னாராம். இனி நீ சொல்லு நான் எழுதுறன் என்று சொல்லிவிட்டாராம். சிவத்துக்கு வாய் வரவில்லை. ஒருவரிடமும் சொல்லாததை முதல் தடவை அந்த மூன்று பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? அதற்காக யூட்டைத் தேடி வந்தான். பின்னேரம் முழுக்க இருந்து, விமானம் போகும்போது நிறுத்தி, போன பிறகு தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னானாம்.

"என்ன நடந்ததாம் அவனுக்கு?" என்று கேட்டேன்.

தொலைபேசிக்குள் ஒரு விமானம் இரைந்து போனது.

"அது அவன்ரை கதை, அக்கா," என்றான் யூட்.

நான் மேலே கேட்கவில்லை.